யார் போட்ட பூட்டு

நீள மேசையின் தலைப்பக்கத்தில், வெள்ளைப் பலகைக்கு முதுகைக் காட்டியபடி பயிற்சியாளர் நூருல். அவருக்கு வலப்புறம், சன்னலோரமாக, புக்கிட் மெர்தாஜாமில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பஷீர். காற்று வரும் இடமாகப் பார்த்து முதல் நாளே துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி அது. அவரை அடுத்து செபராங் ஜெயாவில் அலுவலக வேலை பார்க்கும் கோகிலன். மேசையின் மறுகோடியில், கதவை ஒட்டி, தனலெட்சுமியும் ஜெகதீஸ்வரியும். ஜெகதீஸ்வரி கதவோரம் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. பள்ளி விட்டதும் மகள் போன் செய்வாள்; யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எழுந்து போய்ப் பேசலாம்.

அக்கம்பக்கத்தாருக்குப் பயன்படும் ஒரு காரியத்தை எப்படித் தொடங்குவது என்று, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் தங்கிப் படிக்கும் பயிற்சி அது. மேலே வகுப்பு, பின்கட்டில் படுக்கை, கீழே சமையல். மகளைப் பக்கத்து வீட்டு மோகனாவிடம் விட்டுவிட்டுத்தான் ஜெகதீஸ்வரி வந்திருந்தாள். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

மாக் மண்டின் தொழிற்சாலையில் அடுத்த மாதம் முதல் அவளுக்கு மாலை ஷிப்ட். மோகனாவுக்கும் வேலை உண்டு; இந்தப் பயிற்சி நாட்களுக்கு மட்டும் விடுப்பு எடுத்திருந்தாள், தினமும் பார்த்துக்கொள்ள முடியாது. ஜெகதீஸ்வரியின் ஃபிளாட் கட்டடத்தில் இதே கஷ்டத்தில் இன்னும் பல அம்மாக்கள் இருந்தார்கள். மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார ஓரிடம் அமைந்தால், வேலையில்லாத நேரத்தில் ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அமையாவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

இதையெல்லாம் முந்தின நாளே எழுந்து நின்று சொன்னாள். பூப்பந்து மைதானத்துக்கு அருகே, மாடிக்கு அடியில் திறந்து கிடக்கும் இடத்தில் பாய் விரித்து நடத்தலாம் என்றாள்.

"மழை வந்தா?" என்று கேட்டார் நூருல்.

அடைமழையில் அங்கே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு சுவரில் ஒட்டுகிற பெரிய மாஜோங் தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார் நூருல். "அவங்கவங்க இருக்கிற இடத்த வரைங்க. ஊர் பேரு மட்டும் எழுதாதீங்க. பேரைப் பாத்தா 'ஓ, தெரியுமே'ன்னு கண்ணு மூடிக்கும். அப்புறம் எல்லாரோடதையும் சுத்திப் பாருங்க. கேள்வி இருந்தா கேளுங்க. யோசனை சொல்லக்கூடாதுலா, கேள்வி மட்டும்."

"என் புருசன் இங்க வந்தா ஊமையாயிடுவாரு," என்றாள் தனலெட்சுமி.

தாள்கள் சுவரில் ஏறின. கோகிலனின் தாளில் சாலைகளெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டிருந்தன; மனிதர் ஒருவரைக்கூடக் காணோம். தனலெட்சுமி வரைந்ததில் நாய்களே அதிகம். பஷீரின் தாளுக்கு முன்னால் வந்ததும் ஜெகதீஸ்வரியின் கால் நின்றது. அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டு, நடுவே மைதானம், ஒரு பக்கம் மட்டும் இருக்கை உள்ள ஏற்ற இறக்கப் பலகை, மேலே தண்ணீர்த் தொட்டி. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால்...

"அண்ணே, நீங்க புக்கிட் மெர்தாஜாம்னு சொன்னீங்கல்ல?"

"கடை அங்க. வீடு மாக் மண்டின் பக்கம். விடியுமுன்ன போயிட்டு ராத்திரி வர்றவன், எந்த ஊருன்னு சொல்லுறது?"

"எந்த பிளாக்?"

"பி."

"நான் ஏ."

பஷீர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அட! கார் நிறுத்துற எடத்துல சத்தம் போட்டு என் காரை நகத்தச் சொன்ன தங்கச்சி நீயா?"

அறையே சிரித்தது. ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை, தாளிலேயே கண்ணாக இருந்தாள். மைதானத்தின் ஓரத்தில், பூட்டிய கீழ்த்தள அறையில், பஷீர் 'பந்தல் சாமான்' என்று எழுதியிருந்தார். அவளுடைய தாளில் அதே அறைக்குள் 'சுராவ் சாமான்', அதாவது தொழுகைக்கூடத்துச் சாமான், என்று இருந்தது.

"என்ன பந்தல் சாமான்ணே?"

"தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் போடுறீங்கல்ல, அந்தச் சாமான். உங்காளுங்க பூட்டி வச்சிருக்கீங்க. கஞ்சிச் சட்டி வைக்க எடமில்லாம நான் அல்லாடுறேன். நோன்பு முடிஞ்சா எல்லாச் சட்டியும் என் தங்கச்சி வீட்டு நடையிலதான். அவ புருசன் தெனம் இடிச்சுக்கிறாரு. அதுக்கு ஒரு வழி தேடித்தான் இங்க வந்தேன்."

"எங்க பந்தல் சாமான் முனுசாமி மாமா வீட்டுலல்ல கெடக்கு! அந்த ரூம்ல உங்க சட்டி இருக்குன்னுதான் நாங்க வாயே தொறக்கல. கோயில்காரங்க போய்க் கேட்டா நல்லா இருக்காதேன்னு."

"நாங்களும் அதே மாதிரிதான். சாமி காரியம், போய்க் கேட்டா தப்பா நெனைப்பாங்கன்னு."

நூருல் மார்க்கர் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தப் பூட்டு யாரோடது?" என்றான் கோகிலன்.

அதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வருடக்கணக்காக அந்தப் பூட்டைத் தாண்டி நடந்திருக்கிறாள் ஜெகதீஸ்வரி. ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. உடனே மோகனாவுக்குப் போன் போட்டாள்.

"கீழ எறங்கி அந்த ரூம் சன்னல்ல டார்ச் அடிச்சுப் பாரேன்."

"ஏய், பாம்பு கீம்பு இருந்தா?"

"இருந்தா அதுதான் பூட்டுச்சுன்னு எழுதிக்கிறோம். பாரு."

போனை நடுமேசையில் வைத்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு சன்னலின் கண்ணாடிப் பட்டையைத் தள்ளும் சத்தம். எல்லோரும் குனிந்திருந்தார்கள்.

"ஒண்ணுமே இல்ல," என்றது மோகனாவின் குரல். "ஒரு தொடப்பம் நிக்குது. அவ்வளவுதான்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஷீரும் ஜெகதீஸ்வரியும் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். ஃபிளாட்டைப் பராமரிக்கும் அலுவலகம் செபராங் ஜெயாவில் இருந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக்குறி மட்டும்தான் வரும். கடிதம் என்றால் சாப் முத்திரை அடித்துக் கோப்பில் வைத்தாக வேண்டும்.

"அறையைக் குடுங்கன்னு எழுது," என்றார் பஷீர்.

"மொதல்ல பூட்டு யாரோடதுன்னு கேப்போம்ணே. தெரியாமலே முடிவு பண்ணித்தான் இம்புட்டு நாள் போச்சு."

"சரி, கேளு. கெடைச்சா நோன்பு மாசத்துல என்ன செய்யறது? மத்தியானத்துல சட்டி வெளிய வரும். கஞ்சி வாசத்துல பிள்ளைங்க படிக்குமா?"

"படிக்காது. எப்பக் கிண்ணம் வரும்னு பாக்கும்."

"அப்ப ரெண்டு சட்டி கூடப் போடணும்," என்றார் அவர், கணக்கில் ஆழ்ந்தவராக.

அவள் மலாயில் எழுதினாள், எண் போட்டு. ஒன்று, பூட்டு யாருடையது. இரண்டு, சாவி எங்கே. மூன்று, பூட்டியவர் எவரும் இல்லையென்றால் இரண்டு பிளாக்கும் சேர்ந்து அறையைப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும். அடுத்த மாதம் பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்பதையும், அதற்கான காரணத்தையும் கடைசியில் எழுதினாள். இருவரும் கையெழுத்திட்டார்கள். கீழே தனலெட்சுமியும் போட வந்தாள். "நீங்க எங்க பிளாக் இல்லக்கா," என்று ஜெகதீஸ்வரி தாளை இழுத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து, படகுத்துறைக்குப் போகும் வழியில் இருவரும் தபால் நிலையத்தில் நின்றார்கள். உறையின் பசை காய்ந்து போயிருந்தது. பஷீர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்துத் தேய்த்து, மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். அவள் எடைபோடக் கொடுத்தாள். முகப்பில் இருந்த பெண் முகர்ந்து பார்த்துவிட்டுத் தபால்தலையை ஒட்டினாள்.

"தங்கச்சி, அந்தத் தொடப்பம் யாரோடதுன்னு எழுதுனியா?"

"நாலாவதா எழுதியிருக்கேன்ணே," என்றாள் ஜெகதீஸ்வரி. கடிதம் தபால் பைக்குள் விழுந்தது.