அதிராத பம்பு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் கற்பனை செய்த கதை அல்ல. கான்ஸ்டன்டைன் நகரில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம், பக்கத்து நாற்காலியில் இருந்த வஹீபா என்ற ஆராய்ச்சியாளர் சொன்னது. என்னால் வாய் திறக்க முடியாது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். எட்டு மாதமாக எழுதிப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

"பள்ளத்தாக்கின் மேல் மூடுபனி இறங்கியிருந்த அந்தக் காலையில்" — அடித்தாயிற்று. பம்புக்கும் மூடுபனிக்கும் என்ன சம்பந்தம்?

"அதிர்வு என்பது வீணாய்ப் போகும் உழைப்பு. அதைப் பிடித்துச் சேர்த்தால்" — கட்டுரை. அடித்தாயிற்று.

"வஹீபா நேர்மையானவள்." — இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2.

ஆகவே நேராகப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். உள்ளங்கை அகலம். உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதன் நுனியில் சின்ன எடை, முதுகில் ஒரு பீங்கான் பூச்சு. பெட்டியை ஓடும் பம்பின் மேல் ஒட்டிவிட்டால் பம்பின் அதிர்வில் தகடு ஆடும். ஆட ஆட அந்தப் பீங்கானில் துளித்துளியாக மின்சாரம் ஊறும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேரிங்கின் சூட்டை அளந்து மேலே அனுப்ப அது போதும். பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம்.

(மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்போது பெட்டிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நானும் பிற்பாடு கேட்டேன். பம்பு அறை பூமிக்கடியில், அறுபத்திரண்டு படி கீழே. சுவரெல்லாம் நீர் கசியும். கம்பி இழுத்தால் மூன்று மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பேட்டரி வைத்தால் யாராவது இறங்கி மாற்ற வேண்டும். நாற்பது பம்புகள். போதுமா?)

முந்தைய வருடம் மூன்றாம் பம்பின் பேரிங் சொல்லாமல் கொள்ளாமல் இறுகி, தண்டு முறிந்து, ஒரு துண்டு பறந்துபோய் மெக்கானிக் லக்தரின் நெற்றியைக் கிழித்தது. ஏழு தையல். மேட்டுக் குடியிருப்புகளுக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. வஹீபா பல்கலைக்கழகத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடிநீர் நிலையத்துக்கு வந்து, சோதனைக்காக மூன்றாம் பம்பின் மேல் ஒட்டியது அதற்குப் பிறகுதான்.*

* அதற்கு முன் அவள் செய்தது செருப்புக்குள் வைக்கும் ஒரு தகடு. நடந்தால் மின்சாரம் தரும். அவளுடைய அண்ணனுக்குப் போட்டுவிட்டாள். அவன் நாள் முழுக்கக் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தான். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

3.

லக்தரை வில்லனாக்கிப் பார்த்தேன். இரண்டு அத்தியாயம் எழுதினேன். ஒத்துவரவில்லை. நாற்பத்தைந்து வயது. காலையில் இரண்டு பங்கு எண்ணெய் ஊற்றிய கொண்டைக்கடலையை நின்றபடியே தின்றுவிட்டு, முதல் ஆளாகப் படியிறங்குகிறவர். அவரிடம் இருந்த ஒரே குற்றம், வேலையை நன்றாகச் செய்ததுதான்.

நாற்பது பம்புகளுக்கும் பெட்டி வாங்கலாமா என்று முடிவுசெய்ய செவ்வாய்க்கிழமை ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. விருந்தாளி வரும்போது வீட்டைப் பெருக்குவதில்லையா? ஞாயிற்றுக்கிழமை லக்தர் மூன்றாம் பம்பை நிறுத்தினார். தண்டை நேராக்கினார். அடியில் புது ரப்பர் கொடுத்து நான்கு போல்ட்டுகளையும் இறுக்கினார். மறுபடி ஓடவிட்டபோது பம்பு பூனை மாதிரி ஓடியது.

பெட்டி செத்துப்போனது.

அதிர்வு இல்லையே, எதைத் தின்று உயிர் வாழும்? பம்பு நோயாளியாக இருக்கும்வரைதான் பெட்டிக்குச் சாப்பாடு. இதை மூன்று வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தி முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா என்று எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அவளுக்கும் வந்தது. படியிறங்கிப் போய் அவரிடம் ஒரு போல்ட்டைத் தளர்த்தச் சொன்னாள்.

"மூணு மாசமா பம்பு ஆடுது ஆடுதுன்னு எழுதி எழுதி மேல அனுப்புனீங்க, டாக்டரம்மா. இப்ப ஆடலைன்னு வந்து நிக்கிறீங்க."

"ரெண்டே நாள்தான் லக்தர் அண்ணே. கமிட்டி போனதும் நானே இறுக்கித் தர்றேன்."

"என் நெத்தியில ஏழு தையல் இருக்கு. ஆடுற பம்பை நான் யாருக்கும் காட்டமாட்டேன்."

அவர் சொன்னது சரி. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட இரண்டு பேரை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்?

4.

இந்த இடத்தில் நான் வஹீபாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அழவைத்தேன். நல்ல பக்கங்கள். ஆனால் பொய்.

உண்மையில் அவள் திங்கட்கிழமை மதியம், லக்தர் தொழுகைக்குப் போன நேரத்தில், ஒரு ஸ்பேனரோடு இறங்கினாள். நான்காவது போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினாள். பம்பு லேசாக உறுமத் தொடங்கியது. தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். கைகள் நடுங்கின என்றாள். (அந்த நடுக்கத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கலாமே என்று ஒரு வாக்கியம் எழுதினேன். கேவலமாக இருந்தது. அடித்தாயிற்று.)

கால் மணி நேரத்தில் பெட்டிக்கு உயிர் வந்தது. முதல் செய்தி அவளுடைய போனில் விழுந்தது.

பின்பக்கப் பேரிங்: எண்பத்தெட்டு டிகிரி.

அறுபதுக்கு மேல் போகக் கூடாதது. போல்ட்டைத் தளர்த்திக் கால் மணி நேரத்தில் அவ்வளவு சூடு ஏறாது. அது ஞாயிறு முதலே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறது. பம்பு பூனை மாதிரி ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. தெரியப்படுத்த வேண்டிய பெட்டியோ செத்துக் கிடந்திருக்கிறது.

அவள் ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினாள். லக்தரை அழைத்தாள்.

5.

மூடியைக் கழற்றினார்கள். பேரிங்கின் உள்வளையத்தில் விரிசல். விரிசலுக்குள் கறுப்புப் படிந்திருந்தது. பல நாள் விரிசல். லக்தர் அதை விரலால் தடவிவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். புதுப் பேரிங் போட்டார்.

நிலையத் தலைவர் நதீர் இறங்கி வந்தபோது லக்தர் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். இது எப்படித் தளர்ந்தது என்று நதீர் கேட்டார்.

"நான்தான். நேத்து இறுக்க மறந்துட்டேன்."

இருபது வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட மறக்காத மனிதர். வஹீபா சும்மா நின்றாள். ஏன் என்று கேட்க என் வாய் அப்போது ஒத்துழைக்கவில்லை. அவளாகவே சொன்னாள்: மறுநாள் கமிட்டி.

6.

கமிட்டி வந்தது. மேலே அறையில் காபியும் தேன் பலகாரமும். பெட்டி மறுபடியும் செத்திருந்தது. புதுப் பேரிங், இறுக்கிய போல்ட், அதிர்வு எங்கே? வஹீபா திங்கட்கிழமைச் செய்தியையும் உடைந்த பேரிங்கையும் மேசைமேல் வைத்தாள். கமிட்டித் தலைவர் அசந்துபோனார். ஒரு பேரிங்கையும், ஒருவேளை ஒரு ஆளையும் இந்தப் பெட்டி காப்பாற்றியிருக்கிறது என்றார். பிறகு, படித்த மனிதர் இல்லையா, பெட்டியின் பதிவைப் புரட்டிவிட்டு, ஞாயிறு முதல் செத்துக் கிடந்தது திங்கள் மதியம் எப்படி எழுந்தது என்று கேட்டார்.

நதீர் முந்திக்கொண்டார். மெக்கானிக் ஒரு போல்ட்டை இறுக்க மறந்துவிட்டாராம், அதிர்ஷ்டம்தான்.

கமிட்டித் தலைவர் பேனாவை எடுத்தார். மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதத் தொடங்கினார். லக்தர் கதவருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

வஹீபா

7.

இல்லை, அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடிக்கத் தெரியாமல் அல்ல. இரண்டு முடிவுகள் கையில் இருக்கின்றன, தொல்லையே அதுதான்.

காத்திருப்பு அறையில் வஹீபா என்னிடம் சொன்னது இது: "நான் வாயே திறக்கல. அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் பேனாவையே பார்த்துட்டு இருந்தேன்."

போன மாதம், பொறுக்க முடியாமல் லக்தரைத் தேடிப் போனேன். அவருக்குக் கவனக்குறைவுக் கடிதம் வந்தது உண்மை. நாற்பது பெட்டிகள் வருவதும் உண்மை. அவர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

"அந்தம்மா சொல்லுச்சு. 'நான்தான் தளர்த்துனேன்'னு தெளிவா சொல்லுச்சு. எல்லாரும் சாப்பாட்டுக்கு நாற்காலியை நகத்திட்டு எழுந்தாங்க, அந்தச் சத்தத்துல ஒருத்தர் காதுலயும் விழல. என் காதுல விழுந்துச்சு."

வஹீபா தன் வாயால் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். ஒரு மெக்கானிக்குக்குக் காதை நம்புவதுதான் பிழைப்பு என்றார். காபிக்கு நான் காசு கொடுக்கப் போனதைத் தடுத்துவிட்டார்.

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். பொய் சொல்பவர் அவர் என்றால் அவரைப் போல ஒரு மனிதரை எனக்கு எழுத வராது. அவள் என்றால், சொன்னதையே சொல்லவில்லை என்று ஏன் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறாள்? எட்டு மாதம் போதும். ஆறாம் பகுதியின் கடைசியில் அவள் பெயருக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். பேனா உங்களிடமும் இருக்குமே.