நான்கு பங்குக் கிணறும் ஒரு மிசினும்

எங்கள் தோட்டக் கிணற்றுக்கு நான்கு பங்கு: தம்பிராசா, இரத்தினம்மா அக்கா, கந்தப்பு, நான். என் பங்கு நான் தேடியதல்ல. மனைவி மகாதேவியின் சீதனத்தோடு வந்தது. அதை அவள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஞாபகப்படுத்துவாள். ஆளுக்கு ஒரு நாள் முறை. ஏற்றம் போன்ற துலாவை மிதித்து, பனையோலைப் பட்டையால் இறைத்தால் தோட்டம் நனையும், மறுநாள் விடியக் கிணறும் ஊறிவிடும். காணி உறுதிப் பத்திரத்தில் இன்னாருக்கு இன்ன நாள் என்று மட்டுமே எழுதியிருந்தது. எவ்வளவு தண்ணீர் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. மனிதருக்குக் கால் களைத்தால் துலாவும் நின்றுவிடும் அல்லவா?

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் தம்பிராசா மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்றை லொறியில் ஏற்றி வந்தான். நேரே வந்திருக்கலாம். நெல்லியடிச் சந்தியை இரண்டு தரம் சுற்றிவிட்டே வந்தான். கிணற்றுக்கட்டில் சீமெந்து போட்டு அதைப் பூட்டினான். இறைத்து முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போனால் தோட்டத்து ஒழுங்கை வழியே போகிறவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்?

முதல் நாளே காலை ஒன்பது மணிக்குக் கிணறு வற்றிவிட்டது. அடிவரை இறைத்த கிணறு ஒரே இரவில் ஊறவில்லை. மறுநாள் முறை இரத்தினம்மா அக்காவுடையது. கணவனை இழந்தவர். எண்ணூறு மிளகாய்க் கன்று நட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பட்டையை இறக்கினால் கல்லில் உரசிச் சேறுதான் வந்தது. அடுத்த முறையும் அதே கதை. இலைகள் சுருண்டுவிட்டன. இன்னொரு முறை தவறினால் கன்றுகளோடு அந்த வருடத்துச் சீவியமும் போய்விடும்.

"தம்பி, நீர் கிராமச்சங்கத்திலை லிகிதர். இதுக்கொரு சட்டம் இல்லையோ?" என்று என்னிடம் வந்தார்.

இல்லை. ஆனால் எழுதுவதே தொழிலான எனக்குக் கை துறுதுறுத்தது. 'எதிர்கால இறைப்பு இயந்திர ஒழுங்குவிதிகள்' என்று தலைப்பிட்டு, குதிரைவலு, குழாயின் விட்டம், உத்தரவுப் பத்திரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பார்க்கும் பரிசோதகர் என்று பதினான்கு பிரிவுகள் எழுதினேன். சங்கத் தலைவர் சோமசேகரம் வாசித்தார்.

"கச்சேரிக்கு, அரசாங்க அதிபருக்கு அனுப்பும். எட்டு மாதத்திலை பதில் வரும்."

"மிளகாய்க் கன்று எட்டு மாதம் பொறுக்குமோ, ஐயா?"

"அதையும் ஒரு பிரிவாச் சேரும்."

மனுசன் பகிடி விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பிராசாவிடமும் போனேன். "உறுதியிலை நாள் எண்டுதானே கிடக்கு? என்ரை நாளிலை நான் எவ்வளவும் இறைப்பன். உமக்கேன் சட்டம்?" என்றான். எழுத்துப்படி அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் மூன்றாவது முறையன்று விடிய, கிணற்றடியில் மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா நின்றார். கையில் மிசினின் சில்லில் சுற்றி இழுத்து அதைக் கிளப்புகிற கயிறு. பட்டைக்கு எட்டாத அடிக்குழியில் கிடந்த தண்ணீரைக் குழாய் உறிஞ்சி எடுத்து மிளகாய்ப் பாத்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தம்பிராசா வாயில் வேப்பங்குச்சியோடு ஓடிவந்தான்.

"அக்கா! உது ஆரின்ரை மிசின் எண்டு தெரியுமோ?"

"கிணத்தின்ரை மிசின்."

"என்ன கதை இது!"

"இந்தத் துலா ஆர் நட்டது? என்ரை மனுசன். பத்து வருசம் நீ மிதிச்சனி. ஒருநாளாவது கேட்டு மிதிச்சனியோ? நான் ஏனெண்டு கேட்டனானோ? கிணத்தோடை பூட்டினது பங்குக்காரர் எல்லாருக்கும் பொது. உனக்கு மட்டும் எண்டால் வீட்டை கொண்டுபோய் வைச்சிருக்கலாமே. எண்ணெய் என்ரை, பயப்பிடாதை."

தம்பிராசா துலாவைப் பார்த்தான், சீமெந்தைப் பார்த்தான், வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுப் போனான். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் கந்தப்பு மிசினால் இறைத்தார். அதற்கடுத்த நாள் மகாதேவியின் கட்டளைப்படி நானும் இறைத்தேன். தம்பிராசாவின் முறை வந்தபோது மிசின் காற்றைத்தான் இழுத்தது. மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். அவன் புகையிலையும் வாடத் தொடங்கியிருந்தது.

"தில்லைநாதன் அண்ணை, உதுக்கொரு சட்டம் போடுங்கோ."

நால்வரும் கிணற்றடியில் கூடினோம். நான் பதினான்கு பிரிவுகளையும் விரித்தேன்.

"உவ்வளவும் ஆர் வாசிக்கிறது?" என்றார் அக்கா. "கயிறு இல்லாட்டி மிசின் ஓடாது. அது அடுத்த முறைக்காரரிட்டை இருக்கட்டும். இறைக்கிறவர் போய்க் கேட்டு வாங்கட்டும். தண்ணி கிணத்துக்குள்ளை தெரியிற அந்த வெள்ளைக் கல்லுக்கு இறங்கினவுடனை அடுத்த ஆள் வந்து நிப்பாட்டிக் கயிறை வாங்கட்டும்."

என் பரிசோதகர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும்; அவருக்கு வாட ஒரு மிளகாய்க் கன்றும் கிடையாது. நான் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

நாலாம் நாள், தன் முறையன்று விடியற்காலை, தம்பிராசா அக்காவின் வாசல் படலையில் நின்றான். "அக்கா, கயிறு..." என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அக்கா கோப்பி குடித்து முடித்துத்தான் வந்தார். நான் வேலைக்குப் போகிற சாட்டில் ஒழுங்கையில் நின்று பார்த்தேன்.

எட்டரை மணிக்கு அக்கா துளிர் விட்ட கன்றுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். அவர் வருவதைக் கண்ட தம்பிராசா குனிந்து கிணற்றுக்குள் பார்த்தான். பிறகு மிசினை நிறுத்திக் கயிற்றை நீட்டினான்.

அக்காவும் எட்டிப் பார்த்தார். "கல்லுக்கு இன்னும் ஒரு சாண் கிடக்கு. இறையடா."

"இவ்வளவு தண்ணி எனக்குக் காணும், அக்கா" என்றான் தம்பிராசா. "நாளைக்கு உங்கடை முறை."