லிட்டருக்குப் பதினைந்து

நெல் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் லட்சுமியம்மாள் ஏறி நின்றாள். அவள் கணவர் பூவராகவன் குனிந்து முள்ளைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று.

"மூட்டைக்கு எட்டு கிலோதான் கம்மி," என்றார்.

"எறங்கலாமா? முட்டி வலிக்குது."

"எறங்கு. இனிமே ஆசுபத்திரிக்கு நீ பஸ்ஸுல போய்க்க. முழுசா ஒரு மூட்டைய ஏத்திக்கினு போனா வண்டி பெட்ரோலு குடிக்காம இன்னா பண்ணும்?"

"நான் மூட்டையாங்க?"

"மூட்டைய வித்தாலாவது டப்பு வரும்," என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

பூவராகவனைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வெறும் பொறாமைக்காரர். கொடுமைக்காரர் ஆவதற்கு இன்னும் கொஞ்ச தூரம் பாக்கியிருந்தது. அதையும் சிக்கனமாகவே கடந்தார்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. பெட்ரோல் விலை ஏறுவதற்கு முன்னால், திருவள்ளூர் கடைத்தெருவில் உரக்கடை பெஞ்சில் உட்காரும் பெரிய மனிதர்கள், "என் வண்டி சரியான குடிகார வண்டி" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார்கள். நிறையக் குடிக்கும் வண்டி வைத்திருப்பது அந்தஸ்து. விலை ஏறியதும் அந்தஸ்து தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. இப்போது யார் வண்டி குறைவாகக் குடிக்கிறதோ அவர்தான் பெரிய மனிதர். பெஞ்சும் ஆட்களும் மாறவில்லை.

ஒரு நாள் துளசிராமன் காபியை உறிஞ்சிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "என் வண்டி லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் குடுக்குது."

துளசிராமன் பூவராகவனுடைய ஊர்க்காரர். பெரியபாளையம் ரோட்டிலிருந்து ஏரிக்கரை வழியாக உள்ளே தள்ளியிருக்கும் ஊர். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். இருவரும் ஒரே வருஷம் மெட்ராஸில் பழைய பிளஷர் கார் வாங்கினார்கள். இரண்டு கார்களும் இவர்கள் கைக்கு வருவதற்குள்ளாகவே உலகத்தைச் சுற்றி வந்த அளவுக்கு ஓடித் தேய்ந்தவை. பூவராகவனின் கார் எட்டுதான் கொடுத்தது.

துளசிராமன் வயலில் நெல் கூடுதலாக விளைந்தபோதெல்லாம் பூவராகவன் பொறுத்துக்கொண்டவர்தான். நெல்லுக்கு மழையைக் காரணம் சொல்லலாம். பதினைந்துக்கு எதைச் சொல்வது? சாப்பிட உட்கார்ந்தால் இலையில் பதினைந்து தெரிந்தது.

மெக்கானிக் யேசுதாஸிடம் காரைக் கொண்டுபோய் விட்டார். யேசுதாஸ் ப்ளக்குகளைத் துடைத்தான், கார்பரேட்டரைச் சரி செய்தான், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்தினான், டயருக்குக் காற்றடித்தான். எட்டு, பத்தாயிற்று.

"வயசான வண்டிக்கு இதுவே பெருசு, நைனா. சந்தோசமா ஓட்டு."

"துளசிராமனுக்குப் பதினஞ்சு வருதே."

"அவரு வண்டியையும் நான்தான் பாக்குறேன்..." என்று ஆரம்பித்த யேசுதாஸ், இரண்டு வாடிக்கைக்காரர்களையும் இழக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டான்.

அதன்பின் பூவராகவன் தானே களத்தில் இறங்கினார். பாரம் குறைந்தால் பெட்ரோல் குறையும் அல்லவா? பின் சீட்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டார். ஸ்டெப்னி டயர் போயிற்று. பம்பர் போயிற்று. வழியில் எருமைகள் குறுக்கே வராமலிருந்தால் ஹாரனும் போயிருக்கும். பாலத்து இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருண்டார். மூச்சு விட்டால் பாரம் கூடும் என்று நினைத்தாரோ என்னவோ. இத்தனைக்குப் பிறகும் பதினைந்து வரவில்லை. கழற்றுவதற்குக் காரில் மிச்சமிருந்தது மனைவி மட்டும்தான்.

லட்சுமியம்மாளுக்கு முட்டியில் நீர் கோத்திருந்தது. வாராவாரம் டாக்டரிடம் காட்டாவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் மாட்டு வண்டியில் மெயின் ரோட்டு முனை வரை வந்து, பஸ் பிடித்து, நின்றுகொண்டே திருவள்ளூர் போனாள். அதே நாள் அதே ஊருக்கு அவள் கணவர் காரில் தனியாகப் போனார்.

அன்று சாயங்காலம் பூவராகவன் திரும்பும்போது திருவள்ளூர் பஸ் ஸ்டாப்பில் லட்சுமியம்மாள் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும். முதல் கியர் எவ்வளவு குடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கையை வெளியே நீட்டி, ஏதோ திருவிழாவில் தெரிந்தவரைப் பார்த்ததைப் போல ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, பெட்ரோல் ஆடாமல் அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு அளந்தார். பதினொன்று. அடுத்த வாரத்துக்குள் பன்னிரண்டு ஆக்கிவிடலாம் என்று மீசையைத் தடவியபோது தெருமுனையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

முதலில் இரண்டு காளைகள் வந்தன. அவற்றின் பின்னால் வடக்கயிறு. வடக்கயிற்றின் பின்னால் துளசிராமனின் கார். உள்ளே துளசிராமன், தேருக்குச் சாரதி மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தாள் லட்சுமியம்மாள். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னா மச்சான், வண்டி ரிப்பேரா?" என்றார் பூவராகவன், முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால்.

"அது கெடக்கட்டும், மச்சான்," என்றார் துளசிராமன். "தங்கச்சி பஸ்ஸுலேந்து எறங்கும்போது கால் மடங்கி வுழுந்துடுச்சு. நான் ரோட்டோரத் தோப்புக்குள்ள வண்டியில மாட்டப் பூட்டிக்கினு இருந்தேன், அங்கேந்து பாத்தேன்."

"மாட்ட எதுக்குப் பூட்டுற?"

துளசிராமன் தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மெயின் ரோட்டுலேந்து ஊருக்கு வர்ற தூரமெல்லாம் மாடுதான் இழுக்குது. சக்கரம் சுத்தினா மீட்டரு ஓடும் இல்ல? தெனமும் ஊருக்கு வெளியவே அவுத்துட்டு, கடைசி கொஞ்சம் மட்டும் என்ஜின் போட்டு ஓட்டிக்கினு வருவேன். இன்னிக்கு என்ஜினும் மக்கர் பண்ணிச்சு. தங்கச்சிய நடக்க வைக்க முடியுமா? மானம் போனா போவட்டும்னு மாட்டோடயே வந்துட்டேன்."

"அப்ப பதினஞ்சு?"

"என் வண்டி ஏழுதான்யா குடுக்குது. நெல்லு வெளையலன்னா கூட நீ அலட்டிக்காம உக்காந்திருப்ப. அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும். உன்னயும் ஒரு நாளு எரிய வுடணும்னு வாயில வந்தத சொன்னேன். சொன்னப்பறம் காப்பாத்த வேண்டியதா போச்சு."

பூவராகவனுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. பதினொன்று, ஏழைவிடப் பெரியது. அந்த மகிழ்ச்சியோடு திரும்பியவர், பின் சீட்டில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வலியைக் கடித்துக்கொண்டு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் பையை எடுத்துக்கொண்டு அவள் வைத்த அந்த ஓர் அடி அவருக்கு ஞாபகம் வந்தது. கார் ஜன்னலருகே போனார்.

"லட்சுமி, நான் நிறுத்தியிருக்கணும்."

"கை ஆட்டினீங்களே, அது போதாதா?" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன், கேட்டுக்கங்க. பெட்ரோல மிச்சம் புடிக்கிறது நல்ல புத்திதான். ப்ளக்க தொடைங்க, காத்து அடிங்க, யாரு வேணாம்னா? ஆனா அடுத்தவன் வண்டி எம்மாம் குடுக்குதுன்னு பாத்துக்கினே ஓட்டுனா, சொந்தப் பொண்டாட்டி ரோட்டுல நிக்கறது கண்ணுக்குத் தெரியாது. பொறாம புடிச்சவனுக்கு ஊட்டுல இருக்கறவங்க எல்லாரும் பாரமாத்தான் தெரிவாங்க."

காளை ஒன்று தலையை ஆட்டி மணியடித்தது.

பூவராகவன் விறுவிறுவென்று மாட்டுக் கொட்டகைக்குப் போய், சாணமும் வைக்கோலும் ஒட்டியிருந்த பின் சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தன் காரில் அதைப் பொருத்துவதற்குக் குனிந்தார்.

"சீட்ட அப்பறம் தூக்கலாம்," என்றாள் லட்சுமியம்மாள். "மொதல்ல மூட்டைய எறக்குங்க."