பத்து கிலோ அரிசிக்கும் எரியும் விளக்கு

1

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஜூன் மாதத்தில் நான் என் மனைவி பிலோமியைக் கொன்றேன். எங்கள் மாதா கோயில் திருவிழா மலரில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். அவளுக்கு வலித்திருக்காது. இரண்டே வரியில் முடித்துவிட்டேன். அதிலும் ஒரு வரி மழையைப் பற்றியது.

‘நான்’ என்று சொல்லிப் போகிற கதை அது. ராயபுரத்தில் ஒரு கிழவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி சாகிறாள். செத்த பிறகு, அவள் ஆசைப்பட்ட காரை வாங்குகிறான். கடைசி வரியில், யாருமில்லாத முன்சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு வண்டியை எடுக்கிறான். அந்த வரிக்காக ஏழு பேர் எனக்கு போன் செய்து அழுதார்கள். எட்டாவது ஆள் போன் செய்யவில்லை. பேருந்து பிடித்துக் கோயிலுக்கே வந்துவிட்டான். நீங்கள் படிக்கிற இந்தக் கதைக்கு அவன்தான் காரணம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

செல்வநாதன் என்பவருக்கு எழுபத்திரண்டு வயது. அவர் ஒரு

வேண்டாம். செல்வநாதன் நான்தான். வீட்டில் யாரும் எனக்குக் கொடுக்காத ‘அவர்’ மரியாதையை நானே கொடுத்துக்கொள்வது அசிங்கம்.

சொக்கம்மாள் கணவனிடம் கோபித்துக்கொண்டு

பெயரை மாற்றித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. சொக்கம்மாளை உட்கார வைத்த இரண்டாவது வரியிலேயே பிலோமி வந்து, தள்ளி உட்காரச் சொல்லி இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. எனக்கு அதில் பழக்கம் குறைவு. முயல்கிறேன்.

லூயிஸ் என்னோடு கிரேன் ஓட்டியவன். இப்போது எண்ணூரில் இருக்கிறான். மலரைப் படித்தவன், ‘நான்’ என்றால் நான்தான் என்று நம்பிவிட்டான். (எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட வாசகன் ஆயுளில் ஒருவன்தான் கிடைப்பான். கிடைக்காமலிருப்பது நல்லது.) நேராகக் கோயில் அலுவலகத்துக்கு வந்து, இறந்தவர்களுக்காக வைக்கிற பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என் துக்கத்தைக் கிளறக் கூடாதென்று வீட்டுப் பக்கம் வரவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண் ஊருக்குப் புதிது. எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு காலைப் பூசை. பிலோமி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். மைக்கில் ஒருவர் வாசித்தார்: “மறைந்த பிலோமினா செல்வநாதன் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்.”

பாதிக் கோயில் திரும்பிப் பார்த்தது. பிலோமி திரும்பவில்லை. எல்லோரோடும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள்.

“பிலோமி, அது கதெ.”

“தெரியும்யா. நானும் படிச்சேன். செத்தவளுக்கு காரு, உயிரோட கீறவளுக்கு ஷேர் ஆட்டோ. நல்லா கீதுய்யா உன் கதெ.”

“அதுல உன்னெப் பத்தி எவ்ளோ ஒசத்தியா...”

“ஆமா, செத்தப்புறம். முன்னாடி ஒக்காந்துகினு ரோடு எப்டி வருதுன்னு பாக்கணும்னு நாப்பத்தாறு வருசமா சொல்லிகினு கீறேன். அத்தெ நைசா எடுத்து கதையில வெச்சிட்டு, என்னெ பொட்டில வெச்சிட்டியே.”*

மணலி புதுநகரில் இருக்கும் எங்கள் மகள் ஜானட் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னாள்: “இனிமே நான் இன்னா பண்ணப்போறேன்னு நீ எழுதக் கூடாது. நான் பண்றத நான் பண்ணிக்கிறேன்.”

இந்த நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் என் கழுத்தைப் பிடிக்கப்போவது இதுதான்.

* ஷேர் ஆட்டோவில் பிலோமிக்கு எப்போதும் பின்சீட்டில் நடு இடம்தான் வாய்க்கும். இரண்டு பக்கமும் மீன்கூடை. தண்டையார்பேட்டை வரைக்கும் அவள் பார்க்கிற காட்சி, டிரைவரின் முதுகு.

3

ஆகவே கார்.

ஷோரூமில் குமாரவேல் என்கிற பையன் எனக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். “ஃபேமிலி கார் பாக்குறீங்களா சார்? வீட்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு. ஒருத்தர் கோவமா கீறாங்க.”

அவன் ஒரு கணம் யோசித்தான். விற்கத் தெரிந்தவன். “கோபமா இருக்கறவங்களுக்கு ஹைபிரிட்தான் சார் நல்லது. சத்தமே வராது.”

பிறகு விளக்கினான். உள்ளே பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின் மோட்டார் ஒன்று. மெதுவாகப் போனால் பேட்டரியிலேயே போகும். வேகம் எடுத்தால் எஞ்சின் தானாகச் சேர்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற வேகம் மின்சாரமாகி மறுபடி பேட்டரிக்குள் வந்துவிடும்.

[இந்த இடத்தில் தாம்பத்தியத்துக்கு ஓர் உவமை வருமென்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதினேன். நன்றாகவே வந்தது. அடித்துவிட்டேன். இந்த மாதிரி நன்றாக வந்த வரிகளால்தான் நான் தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன்.]

“டெலிவரி ஏழு மாசம் ஆகும் சார். கருப்பு கலர்னா பத்து மாசம்.”

மலரில் கருப்பு என்று எழுதியிருந்தேன். வெள்ளை போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஏழு மாதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தினமும் பகல் பதினொரு மணிக்கு ஜானட்டுக்கு போன் செய்வேன். “அம்மா தூங்குது நைனா” என்பாள். பின்னால் பிலோமி காய்கறிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பது கேட்கும். அவள் திட்டி முடிக்கிற வரை நான் போனை வைக்க மாட்டேன். ஜானட்டும் வைக்க மாட்டாள். கத்தரிக்காயில் சொத்தை அதிகமாக இருந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்கள்.

4

வண்டி வந்தது. ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். லூயிஸ் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டே பார்க்க வந்தான்.

“எங்க மாமே சார்ஜ் போடுவே?”

“போட வாணாம். அதுவே போட்டுக்கும்.”

“அப்போ பெட்ரோலு?”

“அது நாம போடணும்.”

“அப்போ பெட்ரோல் வண்டின்னு சொல்லு.”

“பெட்ரோல் வண்டியும்தான். கரண்ட்டு வண்டியும்தான்.”

“மாமே, எது கதெ, எது நெசம்னு சொல்லிட்டு அப்பால பேசு. நான் ஒருவாட்டி பட்டுட்டேன்.”

நிஜத்தையே சொல்கிறேன். இந்த வண்டி ஓடுவதைவிட ஊர்வதில்தான் கெட்டிக்காரி. ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டேன். திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தபோது பெட்ரோல், கிளம்பினபோது இருந்ததைவிட இரண்டு கோடு ஏறியிருந்தது. பங்க்கில் மூடியைத் திறந்தால் வழிகிறது. உபரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.*

குறை ஒன்றே ஒன்று. சத்தமில்லை. முன்பு நான் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், வண்டி கல்மண்டபம் முனையில் திரும்புகிற சத்தம் கேட்டுத்தான் பிலோமி அடுப்பில் டீ வைப்பாள். நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போது டீ பொங்கி வரும். முப்பது வருடம் ஒருநாள் பிசகியதில்லை. இப்போது கல்மண்டபம் திரும்பினால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை என்பது வேறு. இருந்தாலும் தெரியாது.

பிறகு அரிசி. மார்க்கெட்டில் பத்து கிலோ பை ஒன்று வாங்கி முன்சீட்டில் வைத்தேன். ஆன் செய்ததும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி கத்த ஆரம்பித்தது. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று முறையீடு. எடையை வைத்து ஆள் என்று நம்பிவிடுகிறது. லூயிஸ் மாதிரி வண்டி. ஓரமாக நிறுத்தி, அரிசிக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது.

வீட்டு வாசலில்தான் உறைத்தது. மலரில் எழுதின கடைசி வரியை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன். அதற்காக அழுத ஏழு பேரில் ஒருவரும் அப்போது அந்தத் தெருவில் இல்லை. அரிசியை இறக்கவில்லை. இன்னொரு தடவை திருவொற்றியூர் வரைக்கும் அதை அழைத்துப் போய், ரோடு எப்படி வருகிறதென்று காட்டிவிட்டு வந்தேன்.

* இந்தப் பத்தியில் கண்டெய்னர் லாரிகள் உண்மை.

5

அடுத்த ஞாயிறு மணலி புதுநகருக்குப் போனேன். ஜானட் வீட்டு எதிரில், வேப்ப நிழலில் நிறுத்தினேன். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வண்டி வந்ததே தெரியாதே. ஹாரன் அடித்திருக்கலாமே என்பீர்கள். நாற்பத்தாறு வருடத்தில் அவளை ஹாரன் அடித்துக் கூப்பிட்டதில்லை. மொட்டைமாடிக் கொடியில் அவள் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கை வந்து அதை இழுத்துக்கொண்டது. அந்தக் கையில் அவள் வளையலைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அன்று புடவைகூட இல்லை.

மூன்றாவது ஞாயிறு இன்று. குப்பை கொட்ட வந்த ஜானட் வண்டியில் இடித்துக்கொண்டாள்.

“நைனா! எப்ப வந்தே? சத்தமே கேக்கல!”

“ரெண்டு வாரம் ஆச்சு” என்றேன்.

அவள் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “அம்மா! உன் வூட்டுக்காரரு காருல வந்துகீறாரு!”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “எந்தக் கதையில?”

6

வாசலுக்கு வந்தாள். (இது அவள் செய்தது. எழுதலாம்.) இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“இதான் அந்த வண்டியா?”

“இதான்.”

“கருப்புன்னு இல்ல எழுதியிருந்தே?”

“கருப்புக்கு இன்னும் மூணு மாசம் ஆவும்னாங்க. என்னால முடியாதுன்னுட்டேன்.”

முன்சீட்டுப் பக்கம் வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். தையல் இடுக்கில் நாலைந்து மணி கிடந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

“இன்னாய்யா, சீட்டுல அரிசி?”

“மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.”

“முன்னாடி வெச்சியா?”

“ம்.”

“பெல்ட்டு போட்டு வெச்சியா?”

நான் ஒருகாலத்தில் கிரேன் ஓட்டிய திசையைப் பார்த்தேன். அங்கிருந்து துறைமுகம் தெரியாது.

“போட்டியான்னு கேட்டேன்.”

“போட்டேன்.”

உதட்டை மடித்துக்கொண்டாள். அது சிரிப்பை அடக்குவதா, வேறெதையாவது அடக்குவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“வண்டி ஆன்ல கீதா, ஆஃப்ல கீதா?”

“ஆன்லதான் கீது.”

“சத்தத்தையே காணோம். உன் டி.வி.எஸ்.ஸாச்சும் உள்ளத சொல்லிகினு வரும்.” கதவில் விரலால் தட்டிப் பார்த்தாள். “இதுல வந்தியானா நான் எப்போ டீ வெக்கிறது?”

ஐம்பது வருடமாகக் கையிருப்பில் வைத்திருக்கிற பொய்களில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

“இரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

7

அந்த ‘இரு’வில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். டிரைவர் சீட்டில், சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத் தாள்களில். இதுவரை மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பிலோமி நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து, முன்சீட்டில்

(ஆ) பிலோமி உள்ளே போனவள் போனவள்தான். ஜானட் வந்து, “நைனா, வெயில் ஏறிப்போச்சு, நீ கெளம்பு” என்று

(இ) பிலோமி என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சாவியை வாங்கி, தானே

மூன்றும் வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றுபோயின. நிறுத்தியது நான். அவள் இன்னது செய்தாள் என்று ஒருமுறை எழுதி, அவளே அவளுக்காக மன்றாடும்படி ஆயிற்று. (அ)வைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாயூறுகிறது. இரண்டே சொல் போட்டால் போதும். போட்டால் அவள் என் கதையில் ஏறியிருப்பாள். வண்டியில் ஏறியிருக்க மாட்டாள்.

ஜானட் இப்போது வந்து ஜன்னலில் குனிந்தாள்.

“நைனா, அம்மா பெரிய பையில இன்னாமோ ரொப்பிகினு கீது.”

“இன்னா அது? துணியா?”

“துணியோ, கருவாடோ. கிட்ட போனா தொரத்துது.”

துணி என்றால் அவள் வருகிறாள். கருவாடு என்றால் நான் மட்டும் போகிறேன். ராயபுரம் போய்ச் சேரும்வரை வண்டி முழுக்க அவள் கைமணத்தோடு.

முன்பக்க இடது கதவைத் திறந்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் எழுதிவிடுவேன், அதனால்தான். செருப்புச் சத்தம் வாசற்படி இறங்குகிறது. மண்ணில் வருகிறது. நிற்கிறது.

வண்டி இடப்பக்கம் லேசாக அமுங்கியது.

கதவு சாத்துகிற சத்தம். உள்ளேயிருந்து சாத்தினதா, வெளியேயிருந்து சாத்தினதா என்று நல்ல வண்டிகளில் வித்தியாசம் தெரிவதில்லை.

சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. அதன் பேச்சை நான் நம்ப மாட்டேன். பத்து கிலோ அரிசிக்கும் அது இப்படித்தான் கத்தியது. கருவாட்டுக்கும் கத்தும்.

நான் நிமிரப் போவதில்லை. நீங்கள் பாருங்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தால் காதை மட்டும் கொடுங்கள். அரிசியோ கருவாடோ என்றால் பெல்ட்டை நான்தான் மாட்ட வேண்டும். அவளானால் அவளே மாட்டிக்கொள்வாள்; கத்தல் நின்று விளக்கு அணையும். என் இரண்டு கைகளும் இந்தத் தாளின் மேல் இருக்கின்றன. இந்த முறை அவை பெல்ட் பக்கம் போகா.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது