பின்னலுக்கு அடியில் பத்துச் சுற்று

வமுந்திலா அந்த வாரம் மட்டும் என்னை நாலு முறை கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டான். இரண்டு முறை என் கடையில், ஒரு முறை சந்தையில் தக்காளிக் குவியலுக்கு நடுவே, ஒரு முறை தேவாலய வாசலில் பாதிரியாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையணையை நாலு குத்துக் குத்தினேன்.

நான் டோங்கா, அவன் லோசி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. லோசிக்காரன் டோங்காவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், டோங்கா அதற்கு மேல் ஒரு படி ஏறித் திருப்பிச் சொல்லலாம். சாவு வீட்டில்கூடச் சொல்லலாம். கோபப்படக் கூடாது; பட்டவர் ஒரு கோழி கொடுக்க வேண்டும். எந்த லோசியும் எந்த டோங்காப் பெண்ணையும் பெண்டாட்டி என்று கூப்பிடலாம், எவளும் அதை நம்ப மாட்டாள். அப்புறம், இந்த முறையில் தோற்றேன் என்று ஒருவரும் ஒத்துக்கொள்வதே இல்லை. என் பெரியப்பாவும் ஒரு லோசி போலீஸ்காரரும் ஒரு நாய் யாருடையது என்று நாற்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நாய் செத்தே முப்பது வருஷமாகிறது.

என் பேர் லுஷோமோ, வயது முப்பத்தொன்று. எனக்கு அவனைப் பிடித்திருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. அவன் கேட்பது கேலியா நிஜமா என்று தெரியவில்லை. கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டால் "நிஜம்தான்" என்பான். கேலிக்காரன் வேறு என்ன சொல்வான்?

சியாவோங்காவில் படகுத்துறைக்குப் போகிற சாலையில் என் தூண்டில் கடை. முள், ஈயம், ரீல், நைலான் நரம்பு எல்லாம் விற்கிறேன். வமுந்திலா மேனிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்துவிடுவான். இரண்டு வருஷமாக அவன் வாங்கியதைவிடப் பேசியதுதான் அதிகம். சனிக்கிழமை ங்வேஷி மீன் பிடிக்கிற போட்டி. ங்வேஷி தெரியும்தானே, கத்திப் பல்லும் ஆரஞ்சு வாலும் வைத்துக்கொண்டு கரீபா ஏரியில் ரவுடித்தனம் பண்ணும் மீன். செவ்வாய்க்கிழமை அவன் ஒரு உருண்டைப் பின்னல் நூலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். தலைநகரில் வேறு எவன் கடையிலோ வாங்கியது. அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாரு பொண்டாட்டி," என்றான். "எட்டு இழை போட்டுப் பின்னினது. இருபது கிலோ தாங்கும். தடிமன் உன் நரம்புல மூணுல ஒரு பங்குதான். இழுத்தா ஒரு விரக்கடை நீளாது. மீன் மூக்கை உரசினாலே கையில தெரியும். கணக்கு."

"மீனு உன் வகுப்புல படிச்சுதா வாத்தியாரே? ங்வேஷிக்கு வாய் பூரா எலும்பு. தண்ணிக்கு மேல எகிறித் தலையை உதறும். அப்ப நரம்பு கொஞ்சம் நீண்டு குடுக்கும், முள்ளு நிக்கும். உன் பின்னல் விறைச்சுக்கிட்டு நிக்கும், லோசிக்காரன் கழுத்து மாதிரி. முள்ளு தெறிச்சுரும்."

"அது ராஜ கழுத்து."

"உங்க ஊர்ல ராஜா வீட்டுப் பிள்ளை இல்லாத ஆளு ஒருத்தனைக் காட்டு! வருஷா வருஷம் ஆத்துத் தண்ணி வந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு மேட்டுக்கு ஓடுற இளவரசனுங்க."

"நாங்க ராஜா படகோட திருவிழாவா ஓடுறதை ஊர் உலகமே வந்து வேடிக்கை பாக்குது. நீங்க மாட்டுக்குப் பேர் வைக்கிறதை எவன் பாக்குறான்?"

அண்ணன் முன்சாகா மூலையில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தான். படகு அவனுடையது. அதன் எஞ்சின் தினம் காலையில் அரைமணி நேரம் இருமிய பிறகுதான் கிளம்பும். போட்டியின் முதல் பரிசு ஒரு புது எஞ்சின். மூன்று மாதமாக அவன் பேசியது அதைப் பற்றி மட்டும்தான்.

"ரெண்டு பேரும் என் படகுலதானே வர்றீங்க," என்றான். "அவ நரம்பு போடட்டும், மச்சான் பின்னல் போடட்டும். யார் மீன் பெருசோ அவங்க சொன்னது சரி. தோத்தவங்க எடை போடுற இடத்துல ஒலிபெருக்கியில ஒத்துக்கணும். எனக்கு எஞ்சின் வந்தா போதும்."

ஒத்துக்கொள்வதா! கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நடக்கிற காரியமா அது.

"நான் ஜெயிச்சா நீ என்னைக் கட்டிக்கணும்," என்றான் வமுந்திலா என்னைப் பார்த்து. "தோத்தா நான் உன்னைக் கட்டிக்கிறேன்."

கடை அதிரச் சிரிப்பு. நானும் சிரித்தபடியே பின்பக்கம் போய், இரை வைக்கிற வாளியை ஒரு உதை விட்டேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

திரும்பி வந்தபோது அவன் ரீலைக் கழற்றிப் பின்னலைச் சுற்றத் தயாராக உட்கார்ந்திருந்தான். என்ன இருந்தாலும் நான் கடைக்காரி. தொழில் புத்தி விடவில்லை.

"இங்க குடு. அடியில பத்துச் சுத்து நரம்பு போட்டு, அதுல முடிச்சுப் போட்டு, மேல பின்னலைச் சுத்தித் தர்றேன்."

குழந்தையைப் பிடுங்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்து ரீலை மார்போடு அணைத்துக்கொண்டான். "பின்னலுக்கு அடியில நரம்பா? லோசி, டோங்கா தோள்மேல ஏறி நிக்கணுமா? எங்க ஊருக்குத் தெரிஞ்சா என்னை உள்ளயே விட மாட்டாங்க. போடி மாட்டுக்காரி, நானே சுத்திக்கிறேன்."

ஏன் அப்படிப் போட வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மாட்டுக்காரி என்றதும் மூடிக்கொண்டேன். அனுபவிக்கட்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அணை கட்டியபோது முழுகிப்போன மரங்கள் தண்ணீருக்கு மேல் மொட்டையாக நிற்கிற இடத்துக்குப் போய் நிறுத்தினோம். ங்வேஷி அங்கேதான் பதுங்கும். ஒரு மணி நேரத்துக்குள் நான் நரம்பில் இரண்டு பிடித்தேன். பெரிய மீன் இல்லை, இரண்டு இரண்டரை கிலோ. வமுந்திலாவுக்கும் இரண்டு மாட்டின. இரண்டும் எகிறித் தலையை உதறி, முள்ளை அவன் முகத்துக்கு நேராகத் துப்பிவிட்டுப் போயின.

"ராஜ கழுத்து எப்படி இருக்கு?" என்றேன்.

"பேசாதே. மீன் யோசிக்குது."

அந்த நிமிஷம் அவன் தூண்டில் வளைந்தது. நுனி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. தூரத்தில் ஒரு மீன் எகிறியது. ஐயோ, அதை மீன் என்று சொல்லக் கூடாது. என் கடை வாசலில் படுக்கிற நாய் அளவுக்கு இருந்தது. அண்ணன் கடலைப் பொட்டலத்தை ஏரியிலேயே போட்டுவிட்டு, "எஞ்சின்! எஞ்சின்!" என்று கத்தினான்.

வமுந்திலா சுற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். நெற்றி வேர்க்கச் சுற்றினான். கைப்பிடி பம்பரமாகச் சுழன்றது. மீன் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நூத்தி இருவது சுத்து சுத்திட்டேன்!" என்று அலறினான். "ஒரு சுத்துக்கு எழுவது சென்டிமீட்டர்! எண்பத்தி நாலு மீட்டர் வந்திருக்கணும்!"

"கணக்கு சரி வாத்தியாரே. மீன்தான் தப்பு."

"விளையாடாதே! ஏன் வரலை?"

நான் எட்டிப் பார்த்தேன். நினைத்தது சரிதான். ரீலின் உருளை வழவழவென்று இருக்கும், பின்னல் அதைவிட வழவழப்பு. அடியில் நரம்பு இருந்தால் கவ்விக்கொண்டு நிற்கும். இல்லாததால் உருளை தனியாகச் சுற்ற, அதன்மேல் பின்னல் மொத்தமும் ஒல்லிக் கையில் தொளதொள வளையல்போல் நின்ற இடத்தில் நின்றது. அவன் இதுவரை சுற்றியது வெறும் காற்றை. எனக்கு எங்கிருந்துதான் அப்படிச் சிரிப்பு வந்ததோ. படகின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வரவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. விரலால் ரீலைக் காட்டுகிறேனே தவிர வார்த்தை வரவில்லை.

"பத்து... பத்துச் சுத்து..." என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி சிரித்தேன். அதற்குள் மீன் மரங்களைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே புகுந்துவிட்டால் நூல் கிளையில் சிக்கி அறுந்துபோகும். அப்போது எனக்குப் பந்தயமும் ஞாபகம் இல்லை, டோங்காவும் லோசியும் ஞாபகம் இல்லை. அந்த மீன் வேண்டும், அவ்வளவுதான். தோளில் கிடந்த துணியைத் தண்ணீரில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு, பின்னலை எட்டிப் பிடித்தேன். பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, பின்னால எடு! பின்னால!"

எஞ்சின் இருமியது. செத்தது. மறுபடி இருமியது. அண்ணன் அதை உலகத்தில் உள்ள எல்லா வார்த்தையாலும் திட்டியபடி படகைப் பின்னுக்கு எடுத்தான். நான் கைமேல் கை வைத்து இழுக்க, வமுந்திலா பின்னால் நின்று காலடியில் விழுகிற நூலைச் சிக்காமல் வாரி வாரிப் போட்டான். மீன் இன்னும் மூன்று முறை எகிறியது. முள் எப்படி நின்றதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் வலையை விட்டுத் தூக்கினான். படகுக்குள் விழுந்ததும் அது செய்த முதல் வேலை அண்ணனின் செருப்பைக் கடித்து இரண்டாக்கியது. மூன்று பேரும் இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டு பைத்தியம் பிடித்தவர்கள்போல் கத்தினோம், கட்டிப்பிடித்தோம், சிரித்தோம்.

அப்புறம்தான் ஒவ்வொருவராக அடங்கினோம். போட்டி விதி மூன்று பேருக்கும் தெரியும். தூண்டில் பிடித்தவரைத் தவிர வேறு யார் கை நூலில் பட்டாலும் அந்த மீன் கணக்கில் வராது.

"சுத்துவட்டாரத்துல ஒரு படகு இல்லை," என்றான் அண்ணன் மெதுவாக. "நான் மரத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நல்ல மரம்."

வமுந்திலா என் பக்கம் திரும்பினான். என் கையைப் பிடித்துத் துணியைப் பிரித்தான். பின்னல் துணியையும் தாண்டி உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கரை வரும்வரை ஒரு கேலி இல்லை, ஒரு பொண்டாட்டி இல்லை. இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஒன்பது கிலோ இருநூறு. எடை சொன்னதும் கரை முழுக்கக் கூச்சல். அடுத்த பெரிய மீன் ஏழு கிலோவைத் தாண்டவில்லை. அஞ்சலகத்து லோசிகள், குடியேற்ற அலுவலகத்து லோசிகள் எல்லோரும் திரண்டு வந்து வமுந்திலாவைத் தோளில் தூக்கினார்கள். "பின்னல் ஜெயிச்சிருச்சு! டோங்கா எங்கே? மாடு மேய்க்கப் போயிட்டாங்களா?" என்று ஆட்டம். எங்கள் ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டு, நாளைக்கு என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை அவன் கையில் கொடுத்தார்கள்.

"இந்த மீன் என்னுது இல்லை," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஆரம்பம் என்று நினைத்தார்கள்.

"பின்னலுக்கு அடியில நரம்பு போடணும்னு லுஷோமோ சொன்னா. நான் கேக்கலை. நூல் வழுக்கிருச்சு. நான் நூத்தி இருவது சுத்து காத்துல சுத்தினேன். அவதான் கையால இழுத்து ஏத்தினா. அதனால இது கணக்குல வராது. அவ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. குடியேற்ற அதிகாரி ஒருவர் முதலில் தேறி, "டேய், யாராவது அவன்கிட்டேருந்து மைக்கைப் பிடுங்குங்கடா!" என்று கத்தினார். என் பெரியப்பா பக்கத்தில் நின்ற லோசி போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. கேலி முறைக்காரன் உயிரை விடுவான், இந்த வார்த்தையை விட மாட்டான். அதுவும் இத்தனை லோசிகள் நடுவில், ஒரு எஞ்சினையும் விட்டுக்கொடுத்து. அப்படியானால் அந்தத் தக்காளிச் சந்தை நிஜம். பாதிரியாரைக் கூப்பிட்டது நிஜம். எல்லாமே நிஜம், நான்தான் வாளியை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். வாயைத் திறந்தான். நாலு முறை அலட்டிக்கொள்ளாமல் கேட்டவனுக்கு ஐந்தாவது முறை நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ரீலைக் குடு," என்றேன்.

கொடுத்தான். அங்கேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். பின்னல் முழுவதையும் உருவிக் கீழே போட்டேன். என் ரீலிலிருந்து நரம்பை வெட்டி, வழவழ உருளைமேல் இறுக்கி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பத்துச் சுற்று சுற்றினேன். கூட்டத்தில் பாதிப் பேர் கூட எண்ணினார்கள். நரம்பையும் பின்னலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, எச்சில் தடவி இறுக்கி, பின்னலை அதன்மேல் சுற்றி, அவனிடம் நீட்டினேன்.

"இழு."

இழுத்தான்.

"நல்லா இழு வாத்தியாரே. இன்ஷிமாக் களி தின்னலையா?"

காலை ஊன்றி இழுத்தான். உருளை அசையவில்லை.

"நிக்குது," என்றான்.

"அப்ப நாளைக்கு உன் ஆளுங்களை எங்க வீட்டுக்கு அனுப்பு. தண்ணி வந்து எல்லாரும் மேட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி."

கரையில் கிளம்பிய குலவையில் ஏரியிலிருந்த நீர்யானைகள் முழுகிப்போயிருக்கும். அண்ணன் மட்டும் ஒற்றைச் செருப்போடு பரிசு மேடையைப் பார்த்தபடி நின்றான். அங்கே ஏழு கிலோக்காரர் புது எஞ்சினைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் எஞ்சின் கேட்டேன்," என்றான் அண்ணன். "எனக்கு ஒரு லோசியைக் குடுத்திருக்காங்க." அப்புறம் தாங்க முடியாமல் வமுந்திலாவைப் பார்த்து, "உனக்கு இன்னைக்குத்தானாடா உண்மை சொல்ல வரணும்!" என்று கத்திவிட்டான்.

"கோபப்பட்டுட்டான்!" என்று லோசிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் கூவினார்கள். "கோழி! கோழி!"

அண்ணன் அன்று சாயங்காலமே ஒரு கோழியைக் கொண்டுபோய் வமுந்திலாவிடம் கொடுத்தான். மறுநாள் பெண் கேட்க வந்த அவன் ஆட்கள் அதையே கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் உப்பு தூக்கலாகச் சமைத்து அவர்களுக்கே போட்டேன். ஒருவரும் கோபப்படவில்லை.