ரோஸ்வுட் கலர் படிகள்

மாடிப்படிக்குச் சாயம் பூசுகிறவர் மேலிருந்து கீழே வருவார். உலகத்தில் எல்லா பாலிஷ்காரரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் என் மாமியார் கனகாம்பாள் கீழ்ப்படியில் மஞ்சள் குங்குமம் வைத்து, அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். வேலை ஏறுமுகமாக இருக்க வேண்டுமாம்.

நான் புடவை கட்டி, சர்டிஃபிகேட் ஃபைலோடு மாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது, பாலிஷ்காரர் வீரமணி மேலே படி முடியும் இடத்தில் குந்தியிருந்தார். அவருக்குக் கீழே எல்லாப் படியும் ரோஸ்வுட் கலரில், கருஞ்சிவப்பாக, ஈரமாக மின்னியது.

"இன்னாங்க இது? நான் எப்படி எறங்கறது?"

"அதாம்மா நானும் பாக்குறேன். சொன்னேன், அம்மா கேக்கல. காய அஞ்சு மணி நேரம் ஆவும். நானே மாட்டிக்கினேன்."

பதினோரு மணிக்கு வில்லியனூர் பள்ளிக்கூடம் ஒன்றில் இன்டர்வியூ. ஆறு வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த முதல் அழைப்பு. பாகூரில் ஒன்பதரை பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். இறங்க வேறு வழியும் கிடையாது.

இந்த மரப்படி, டவுனில் இடித்த பழைய வீட்டிலிருந்து மாமனார் வாங்கி வந்தது. தேய்ந்து, வெளுத்து, நடுவில் குழி விழுந்தே கிடந்தது. இன்டர்வியூ கடிதம் வந்த மறுநாள்தான் படி இப்படிக் கிடப்பது மாமியார் கண்ணில் பட்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

"அத்தை!"

மாமியார் கூடத்துக்கு வந்து நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடி கத்துற? இன்னொரு நாள் போயேன். வேலை எங்க ஓடிப்போவுது?"

"இன்னிக்குத்தான் கூப்ட்டிருக்காங்க."

"அதுக்கு நான் இன்னா பண்ண? சோறு, கொழம்பு, தண்ணி எல்லாம் விடிகாலையே உன் ரூம் பக்கத்துல வெச்சுட்டேன். துன்னுட்டுப் படு."

திரும்பிப் பார்த்தேன். அலமாரி மேல் டிபன் கேரியர் இருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு. ஒரு நாள் முழுக்க என்னை மேலேயே வைத்திருக்க, நான் தூங்கும்போதே சமைத்து முடித்திருக்கிறார்.

என் கணவர் தமிழ்க்குமரன் சத்தம் கேட்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார்.

"நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

"அம்மா ஆசைப்பட்டுப் பண்றாங்க ரஞ்சனி. ஒரு நாள்தானே."

புடவையைத் தூக்கிச் செருகினேன். செருப்பைக் கையில் எடுத்தேன். வீரமணி வேலை வீணாகப் போகிறதே என்று அவரைப் பார்த்தபோதுதான் சங்கடமாக இருந்தது. அவர் டப்பாவை நகர்த்தி வழி விட்டார்.

"பாத்து எறங்கும்மா, வழுக்கும்."

ஒவ்வொரு படியிலும் கால் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கீழே வந்து அவர் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்ப்பார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் கெட்டுப்போன படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாலு, அத்தை" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன்.