ஒரு சைஸ் பெரிய வில்

என் வீட்டுக்காரர் நஜீருக்கு எதுவும் ஒரு சைஸ் பெரிதாக இருந்தால்தான் திருப்தி. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஜூன் மாதம் ஸ்கூல் ஷூ வாங்க வருகிற தாய்மார்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். "வளர்ற புள்ளம்மா, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோ. முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சிக்கினா ரெண்டு வருசம் ஓடும்." அதையே வீட்டிலும் பாடுவார். எங்கள் மகள் அலீனாவுக்கு எடுக்கும் பெருநாள் துணி அந்தப் பெருநாளுக்குச் சரியாக இருந்ததே இல்லை. அடுத்த பெருநாளுக்குத்தான் உடம்போடு பொருந்தும், அதற்குள் சாயம் போயிருக்கும்.

அந்த மனுஷன் வில் வாங்கப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அலீனாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வில்வித்தை பழகுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு முன்னால் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளப்பில் எல்லோருக்கும் பொதுவான வில்லில்தான் இத்தனை நாள் அடித்தாள். கோச் ஸ்வாதி சின்னப் பெண், ஆனால் கறார். "இவளுக்குச் சொந்தமா ஒண்ணு வாங்கலாம் சார். இழுக்க லேசா இருக்கணும். என்னைக் கேட்டுட்டு வாங்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

கேட்டாரா? வேலப்பன்சாவடியில் காலேஜ் முடித்த பையன் ஒருவன் தன் வில்லை விற்கிறான் என்று யாரோ சொன்னதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். சிவப்புக் கைப்பிடி போட்ட, பளபளவென்ற வில். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"அந்தப் பையன் இன்னா ஒசரம் இருந்தான்?" என்றேன்.

"ஆறடி இருப்பான். அதுக்கு இன்னா? வளர்ற பொண்ணு ஜரினா. இத்தயே இழுத்துப் பழகிட்டா கை தானா பலமாயிடும்."

"ஏங்க, வில்லுக்குள்ள எங்க பஞ்சு வெப்பீங்க?"

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அலீனா மட்டும் வில்லைத் தடவிப் பார்த்து, "சூப்பரா கீது அத்தா" என்றாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறே ஸ்வாதி அந்த வில்லைப் பார்த்துவிட்டு, இழுக்க ரொம்பக் கனம், இப்போதைக்குத் தொடாதே, கிளப் வில்லிலேயே அடி என்று சொல்லியிருக்கிறாள். அலீனா அதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. தினமும் கடை சாத்திவிட்டு வந்து இவர், "புது வில்லு எப்டி?" என்பார். இவளும் "சூப்பர் அத்தா" என்பாள். சாயங்காலமானால் மாடிக்குப் போய் அம்பு வைக்காமல் அந்த நாணை இழுத்து இழுத்துப் பழகுவாள். அத்தா சொன்னபடி கை பலமாகிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லையாம். எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைக்கு எவ்வளவு ஆர்வம் என்று நான் கீழே நின்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, தலைத்துணியை எப்போதும் தானே குத்திக்கொள்கிறவள் என்னிடம் பின்னை நீட்டினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். தோளுக்கு மேல் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கேட்ட பிறகு எல்லாம் கொட்டிவிட்டாள்.

"அப்புறம் ஏண்டி சூப்பர் சூப்பர்னு சொல்லிக்கினு இருந்தே?"

"எவ்ளோ ஆசையா வாங்கிக்கினு வந்தாரு. அவராண்ட சொல்லாதீங்கம்மா. எனக்கு வில்லு போரடிக்குது, இனிமே போமாட்டேன்னு சொல்லிடறேன். அப்போ அவருக்குத் தெரியவே தெரியாது."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உயிரையே வைத்திருக்கும் ஒன்றை, அப்பன் முகம் வாடக்கூடாது என்று விட்டுவிடத் தயாராக இருக்கிறாள் என் மகள். பள்ளிக்கூடமாவது ஒன்றாவது என்று நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தோளே போய்விட்டதோ என்ற பயத்தில் ஆட்டோவில் எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். டாக்டர் அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, சவ்வு கிழியவில்லை, தசைதான் பிடித்திருக்கிறது, ரெண்டு வாரம் சும்மா இருந்தால் சரியாகிவிடும் என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவராண்ட சொல்லாதே என்றாளே, சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். அங்கே அம்மாவோடு வந்த ஒரு பொடியன் புது ஷூவில் நடந்துகொண்டிருந்தான். "சரியா கீது, சரியா கீது" என்று குதித்தான். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "வாய் பொய் சொல்லும் கண்ணு, காலு சொல்லாது. பெருவிரல் முட்டிக்கினு கீது பாரு, கழட்டு" என்றார்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஊருக்குத்தான் உபதேசமா? ஊரான் புள்ள பொய் உங்களுக்கு ஒரே பார்வையில தெரியுது. ஊட்ல ஒண்ணு ஒரு மாசமா பொய் சொல்லிக்கினு கீது, அது தெரியல."

எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வில்லே வேணாம்னு சொல்றதா இருந்தாளா? எனக்காவயா?"

பாவமாக இருந்தது. மீதி வைத்திருந்த வசவை விழுங்கிவிட்டேன்.

கை சரியான பிறகு வந்த ஞாயிறு, வில்லை அவரே சுமந்துகொண்டு மைதானத்துக்கு வந்தார். காட்டிக்கொடுத்தவள் என்று அலீனா வழியெல்லாம் என்னை முறைத்தாள்.

"உங்களக் கேக்காம வாங்கிட்டேம்மா. தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?" என்று ஸ்வாதியிடம் கேட்டார்.

"எதுக்கு சார்? கைப்பிடி நல்ல கைப்பிடி. மேலயும் கீழயும் வளையுது பாருங்க, லிம்ப்னு சொல்வோம், கனமெல்லாம் இதுலதான். இதைக் கழட்டிட்டு லேசானதா மாட்டினா போதும். அவ வளர வளர மாத்திக்கலாம்."

சொல்லிக்கொண்டே நாணை அவிழ்த்து இரண்டையும் கழற்றிவிட்டாள். இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "செருப்புல இப்டி ஒண்ணு வரலியே!" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அலீனா சிரித்தாள்.

கிளப் பெட்டியில் இருந்து ஒரு ஜோடி எடுத்து மாட்டினார்கள். அலீனா இழுத்தாள். "நல்லா கீது அத்தா" என்றாள்.

"நீ சொல்லாத, நான் பாத்துக்கறேன்." பக்கவாட்டில் நின்று அவள் முகத்தையே பார்த்தார். "வேற மாட்டும்மா. கழுத்து நரம்பு பொடைக்குது. மூச்ச அடக்கிக்கினு கீறா." ஸ்வாதியும் அதைத்தான் நினைத்தாள் போல, தலையாட்டிவிட்டு இன்னும் லேசான ஜோடியை மாட்டினாள்.

இந்த முறை அம்பு வைத்தே இழுத்தாள். நாண் தாடையில் வந்து நின்றது. இவருக்குப் பொறுக்கவில்லை, தோளை உரசுகிற மாதிரி போய் நின்றுகொண்டார்.

"கனமா கீதா? வலிச்சா சொல்லிடு கண்ணு, அத்தா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

இழுத்த கை அசையவில்லை. குரலும் நடுங்கவில்லை.

"அத்தா, தள்ளி நில்லுங்க. நான் அடிக்கணும்."

அந்த மாதிரிக் குரலில் அவள் அவரிடம் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் அவசரமாகப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கேட்டியா ஜரினா? என்னையே தள்ளி நிக்கச் சொல்றா" என்றார், மெடல் வாங்கியவர் மாதிரிப் பல்லெல்லாம் தெரிய.

அம்பு போன சத்தம் கேட்டது.